செங்காய்ப் பதம்

ஜூன் 6, திங்கள்

புது ஒயின் இன்று காலை வந்து இறங்கியது. வெள்ளை ரகம், அரை இனிப்பு. முழுக்க இனிக்கவும் செய்யாது, நாக்கை வறட்டவும் செய்யாது. நாசிக் பக்கத்தில் யாரோ புதிதாகத் தோட்டம் போட்டுச் செய்கிறார்களாம்.

உணவக முதலாளி வசுந்தரா மேடம் கூப்பிட்டுச் சொன்னார்: "சவரி, இருபத்தாறாம் தேதி ஞாயித்துக்கிழமை மதியம் இருபது பேருக்கு விருந்து வெக்கிறோம். ஒரே ஒயின், அஞ்சு பதார்த்தம். சீஸ், ரொட்டி எதுவும் கெடையாது. எல்லாம் நம்ம பாண்டிச்சேரிச் சாப்பாடு. எதுக்கு எது சேரும்னு நீங்கதான் சொல்லணும்."

விருந்து நன்றாக நடந்தால், செப்டம்பரில் திறக்கப்போகும் இரண்டாவது உணவகத்துக்கும் ஒயின் பொறுப்பு எனக்குத்தான் என்றார். பத்தொன்பது வருஷமாக இந்த உணவகத்தில் ஒயின் பார்க்கிறேன். எந்த பாட்டில், எந்த மேசைக்கு, எந்தச் சாப்பாட்டோடு என்பதை முடிவு செய்வது என் மூக்கு. மேடம் விருந்தாளிகளிடம் அப்படித்தான் என்னை அறிமுகப்படுத்துவார்: "இவர் சவரிநாதன், எங்க ரெஸ்டாரண்டோட மூக்கு."

மூக்கு கொஞ்சம் அடைத்திருக்கிறது. ஏப்ரலில் வந்த காய்ச்சலின் மிச்சம்.

ஜூன் 7, செவ்வாய்

ஒரு பாட்டில் திறந்து வறுத்த வஞ்சிரத்தோடு குடித்துப் பார்த்தேன். குறிப்பு: பேரிக்காய், எலுமிச்சைப் பூ, மெல்லிய தேன்.

மனைவி ரெஜினா பச்சிலை மருந்து ஒன்றைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.

ஜூன் 9, வியாழன்

ஏழாம் மேசையில் ஒரு தம்பதி. விலை உயர்ந்த சிவப்பு ஒயின் கேட்டார்கள். கார்க்கை உருவி, முகர்ந்து, தலையசைத்து ஊற்றினேன். அந்த அம்மாள் வாயில் வைத்ததும் கைக்குட்டையில் துப்பிவிட்டாள். "நீங்க மோந்து பாத்துட்டுத்தானே ஊத்துனீங்க?" என்று கணவர் கேட்டார். மன்னிப்புக் கேட்டு எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

சமையலறையில் மசாலா அரைக்கும் மங்கை மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். "ஐயய்ய, இன்னாண்ணே இது? மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி நாறுது" என்று முகத்தைச் சுளித்தாள்.

கார்க் கெட்டுப்போனால் அந்த நாற்றம்தான் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

சளி இன்னும் விடவில்லை.

ஜூன் 10, வெள்ளி

இன்று வீட்டில் பால் பொங்கி, சுண்டி, பாத்திரத்தின் அடி கருகியது. கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரெஜினா ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டி நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, தெருவே நாறுது. உங்களுக்குத் தெரியலையா?"

"நெனப்பு வேற எங்கியோ இருந்துச்சு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பாத்திரத்தைத் தேய்க்க எடுத்துப் போனாள்.

இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன். சளி இல்லை. அடைப்பும் இல்லை. ஏப்ரல் 24 முதல் எனக்கு வாசனை தெரியவில்லை. காபி, மல்லிகை, மீன் சந்தை, என் வியர்வை, எதுவும் இல்லை. நாக்கில் இனிப்பு, புளிப்பு, உப்பு, காரம் மட்டும் தெரிகிறது. பேரிக்காயும் எலுமிச்சைப் பூவும் பாட்டில் லேபிளில் அச்சடித்திருந்தவை. டாக்டரிடம் போகவில்லை. இனி வராது என்று அவர் சொல்லிவிட்டால்?

ஜூன் 13, திங்கள்

எனக்குப் பதிலாக ஒயினை முகர்ந்து, ருசித்துச் சொல்ல முடியுமா என்று மங்கையிடம் கேட்டுவிட்டேன்.

அவள் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. முத்தியால்பேட்டையில் வீடு. ஆறு வருஷமாக எங்கள் சமையலறையில் அரைக்கிறாள். தேங்காய்ப்பால் திரிவதற்கு அரைமணி முன்பே சொல்லிவிடுவாள் என்று சமையல் மாஸ்டர் கலியபெருமாள் பெருமையாகப் பேசுவார். கணவன் குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுச் செத்துப்போனான். ஒரே மகள் தமயந்தி, நர்சிங் இரண்டாம் வருஷம்.

இவ்வளவும் தெரிந்துதான் கேட்டேன்.

"அந்த வாசனையே எனக்கு ஆவாதுண்ணே" என்றாள்.

அப்போது என் ரகசியத்தைச் சொன்னேன். மனைவியிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அவள் அரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அம்பது நாளாவா? ஒண்ணுமே தெரியலியா? வூட்டு சோறு வாசனகூடவா?" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்தக் கண்ணீர் தேவைப்பட்டது. அதை உண்டாக்கத்தான் அப்படி உருக்கமாகச் சொன்னேனோ என்று இப்போது தோன்றுகிறது.

"மோந்து மட்டும் சொல்றேண்ணே. வாயில வெக்க மாட்டேன்."

சரி என்றேன்.

ஜூன் 14, செவ்வாய்

பதினொரு மணிக்குக் காலை அரைப்பு முடிந்ததும் ஸ்டோர் ரூமுக்கு வந்தாள். கோப்பையில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். பிறகு மெல்ல மூக்கருகே கொண்டுவந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"கொய்யாக்கா வாசனண்ணே. பழமில்ல, காயுமில்ல, செங்காய். மரத்துல இருக்கும்போதே நகத்தால கீறிப் பாத்தா வருமே, அது. அப்பறம் கொஞ்சம் நார்த்தங்கா எல. கடைசியில, அடுப்புல வெக்கறதுக்கு முன்னாடி வெல்லத்துல தண்ணி தெளிப்போமே, அந்த வாட."

பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஒயினைப் பற்றி நான் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. செங்காய். அரை இனிப்பு என்பதற்கு இதைவிட வேறு தமிழ் இருக்கிறதா?

ஆனால் முகர்ந்தால் போதாது. சாப்பாட்டோடு சேர்வது நாக்கில்தான் தெரியும். "ஒரு சொட்டு மங்கை. முழுங்க வேணாம், துப்பிடு. இது சாராயம் இல்ல. மருந்துன்னு நெனச்சுக்க" என்றேன். மூன்று முறை மறுத்தாள். நான்காம் முறை கேட்டேன்.

வாயில் வைத்துவிட்டு வாளியில் துப்பினாள். புடவைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 17, வெள்ளி

நான்கு நாளாக வேலை நடக்கிறது. கலியபெருமாளிடம் சின்னக் கிண்ணங்களில் வாங்கிவருவேன். மங்கை ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு சொட்டு ஒயின் வைத்துத் துப்பி, சொல்வாள்.

வடகம் தாளித்த தேங்காய்ப்பால் இறால் குழம்பு: "கொழம்பும் இதுவும் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்க மாதிரி." மிளகு நண்டு: "காரம் ஏறி வரும்போது இது வந்து தலயத் தடவி வுடுது." உண்மைதான். காரமான பண்டத்தோடு வறண்ட ஒயின் குடித்தால் எரிச்சல் கூடும். இந்தக் கொஞ்ச இனிப்பு அதைத் தணிக்கும். புளி தூக்கலான மீன் குழம்பு முதலில் சேரவில்லை. "கொழம்பு இத அமுக்கிடுதுண்ணே. புளியக் கொறச்சு, மாங்கா போடச் சொல்லுங்க" என்றாள். மாங்காய் போட்டதும் சேர்ந்தது. வாழைப்பூ வடை தொடக்கத்துக்கு.

கடைசிப் பதார்த்தமாகப் பாயசம் என்று நான் எழுதியிருந்தேன். ஒரு வாயோடு நிறுத்திவிட்டாள். "பாயசத்துக்கு அப்பறம் குடிச்சா வெறும் புளித்தண்ணியா ஆயிடுதுண்ணே. இதவிட இனிப்பா எதுவும் கூடாது. நுங்கு வையுங்களேன். சீசன் முடியறதுக்குள்ள கெடைக்கும்."

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விதி. ஒயினைவிடப் பண்டம் இனிப்பாக இருக்கக் கூடாது. பயத்தில் மறந்துவிட்டேன்.

மேடத்திடம் பட்டியலைக் காட்டினேன். நுங்கு என்றதும் எழுந்து நின்று கைகொடுத்தார். "சவரி, உங்க நாக்குக்கு ஒரு கோயில் கட்டலாம்."

"தேங்க்ஸ் மேடம்" என்றேன்.

ஜூன் 20, திங்கள்

மங்கை இன்று சரியாகப் பேசவில்லை. என்னவென்று கேட்டேன்.

"சனிக்கெழம வூட்டுக்குப் போனேன். எம்பொண்ணு பக்கத்துல வந்து மூஞ்சிகிட்ட மோந்து பாத்துச்சுண்ணே. ஒண்ணும் சொல்லல. தனியா தட்டு எடுத்துகினு போயி ஒக்காந்துடுச்சு. ரெண்டு நாளா பேசல."

"நீ சொல்லலியா, துப்பிடறேன்னு?"

"அவுங்கப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு, கொப்பளிச்சுத் துப்பிட்டேன்னு."

"கிராம்பு மென்னுட்டுப் போ. வாசன தெரியாது" என்றேன்.

மங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அதையும் அவரு செய்வாருண்ணே" என்றாள்.

இன்னும் இரண்டு நாள், அவ்வளவுதான் என்று சொன்னேன். நண்டில் மிளகு எவ்வளவு என்பது முடிவாகவில்லை.

ஜூன் 22, புதன்

மங்கை வேலையை விட்டு நின்றுவிட்டாள். விருந்துக்கு நான்கு நாள்.

ஜூன் 23, வியாழன்

நுங்குக்கு வில்லியனூர்க்காரரிடம் சொல்லியாயிற்று. ஞாயிறு காலை வெட்டிக் கொண்டுவருவார். கோப்பைகளை நானே துடைத்தேன். ஒயினை எட்டு டிகிரியில் வைக்க வேண்டும், குளிர் அதிகமானால் வாசனை அடங்கிவிடும் என்று புதுப் பையன்களுக்குப் பாடம் எடுத்தேன். வாசனையைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன்.

ஜூன் 24, வெள்ளி

நின்றுவிட்டாள் என்று எழுதியது பொய். நிறுத்தப்பட்டாள். நான் நிறுத்தினேன் என்றுகூட எழுதலாம்.

புதன்கிழமை பதினொன்றரைக்கு, நண்டுக் கிண்ணம் வாங்கச் சமையலறைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது ஸ்டோர் ரூம் கதவு திறந்திருந்தது. மேடம் உள்ளே நின்றிருந்தார். மங்கை கையில் கோப்பை.

"வாய ஊது" என்றார் மேடம்.

மங்கை ஊதினாள். நாற்பது வயதுப் பெண், பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கழுத்தை நீட்டி ஊதினாள்.

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உன் கதை தெரிஞ்சு இரக்கப்பட்டு வேல குடுத்தேன். நீயும் இப்படியா?" பிறகு என்னைப் பார்த்தார். "சவரி, இவ இங்க வந்து குடிக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

யோசித்துச் சொன்னது இல்லை. யோசித்திருந்தால் வேறு சொல்லியிருப்பேனா என்பதும் தெரியாது. அப்போது என் கையில் நண்டுக் கிண்ணம் இருந்தது. அதில் அவளுக்காக ஒரு ஸ்பூன் போட்டிருந்தேன். மேடம் அதைக் கவனிக்கவில்லை. மங்கை கவனித்தாள்.

அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். கிரைண்டரைத் துடைத்தாள். ஏப்ரனை மடித்து ஆணியில் மாட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனாள். நான் நண்டுக் கிண்ணத்தோடு நின்றேன்.

ஜூன் 26, ஞாயிறு

விருந்து முடிந்தது. எல்லாம் சரியாக நடந்தது. வடகம் இறாலுக்குக் கைதட்டினார்கள். மிளகு நண்டுக்கு இரண்டாம் முறை கேட்டார்கள். நுங்கு வந்ததும் மேசையே அமைதியாகிவிட்டது.

சென்னையிலிருந்து வந்திருந்த வயதான ஒருவர், ஒயின் பற்றி நிறையத் தெரிந்தவர், "இதோட மணத்த ஒரு வார்த்தையில சொல்லுங்க பாப்போம்" என்றார்.

"செங்காய்" என்றேன். "கொய்யாச் செங்காய். நகத்தால கீறினா வருமே, அது."

அவர் மறுபடி முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "அடடா! இந்த வார்த்தைய எங்க புடிச்சீங்க?"

"எங்கம்மா சொல்வாங்க சார்."

அம்மா இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவளையும் இதற்குள் இழுத்துவிட்டேன்.

மேடம் எல்லோர் முன்னாலும் செப்டம்பர் விஷயத்தை அறிவித்தார். கலியபெருமாள் சமையலறைக் கதவோரம் நின்று கேட்டார். கை தட்டவில்லை. கிண்ணங்களை யாருக்கு வாங்கிப்போனேன் என்பது அவருக்குத் தெரியும். அவரும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கிளம்பினோம்.

ஜூன் 27, திங்கள்

ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மூக்கு விஷயத்துக்கு அவள் ஆச்சரியப்படவில்லை. "பால் கருகின அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். மங்கை விஷயத்துக்கு வந்ததும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அந்தப் பொண்ணு ஊதிக் காட்டுறத நீங்க பாத்துகிட்டு நின்னீங்களா?"

"ஆமா."

நாளைக் காலை மேடத்திடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"சொல்லுங்க. மேடம் மன்னிச்சுடுவாங்க, படிச்சவங்க. ஆனா நீங்க போய் நிக்க வேண்டிய எடம் அது இல்ல. அவ பொண்ணுகிட்ட போயி சொல்லுங்க."

ஜூன் 28, செவ்வாய்

மேடம் முதலில் நம்பவில்லை. கிராம்பு எண்ணெயையும் வெறும் தண்ணீரையும் இரண்டு கோப்பையில் கொண்டுவந்து கண்ணை மூடச் சொன்னார். எது எது என்று கேட்டார். "தெரியல மேடம்" என்றேன். போன புதன்கிழமை சொன்னதும் ஏறக்குறைய இதே வார்த்தை. இன்று அது உண்மையாக இருந்தது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அவள வாய ஊதச் சொன்னேன் சவரி."

"நான் பாத்துகிட்டு நின்னேன் மேடம்."

செப்டம்பர் பொறுப்பு இல்லை. ஒயின் மேசையும் இனி இல்லை. வரவேற்பில் நின்று மேசை ஒதுக்கும் வேலையைப் பார்க்கச் சொன்னார். மங்கையைத் தாமே போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அது வந்ததற்கும் வெட்கமாக இருந்தது.

ஜூலை 2, சனி

முத்தியால்பேட்டைக்குப் போனேன். தமயந்திதான் கதவைத் திறந்தாள். மெலிந்த பெண், நர்சிங் கல்லூரிச் சீருடையில் இருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. எதிர்வீட்டில் இரண்டு பெண்கள் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினேன்.

"சத்தமா சொல்லுங்க சார்" என்றாள்.

சத்தமாகச் சொன்னேன். என் மூக்கு, நான் கெஞ்சியது, அவள் அம்மா துப்பியது, கிராம்பு, கிண்ணம், தெரியாது என்று சொன்னது. பூ கட்டிய பெண்கள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

தமயந்தி அழவில்லை. "வேலய வுட்டுத் தொரத்துன அன்னிக்கு, எங்கம்மாவ மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துகினு போயி சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன். குடிக்கலன்னு சத்தியம் பண்ணுச்சு. நான் நம்பல சார். சாமி முன்னாடி பொய் சொல்றியான்னு கேட்டேன்." பிறகு, "அத நான் இப்ப எப்படித் திரும்ப வாங்கறது?" என்றாள்.

மங்கை உள்ளேயிருந்து வந்தாள். மகள் தோளில் கை வைத்தாள். அந்தப் பெண் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"ஏன் மங்கை அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேண்ணே. ஏப்ரன மடிக்கும்போதுகூட நெனச்சேன்."

மேடம் நேற்று வந்து மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டாராம். போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இடம் கிடைத்திருக்கிறது. நான் திரும்பும்போது மங்கை கேட்டாள்: "டாக்டரப் பாத்தீங்களாண்ணே? போய்ப் பாருங்க. வராம போவாது."

அவள் திட்டியிருக்கலாம்.

ஜூலை 5, செவ்வாய்

டாக்டரைப் பார்த்தேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். தினமும் காலை மாலை நான்கு வாசனைகளை முகர்ந்து பழகச் சொன்னார்.

ஜூலை 12, செவ்வாய்

விருந்தின் ஐந்து பதார்த்தமும் நிரந்தரமாகப் பட்டியலில் வருகின்றன. புது மெனு அட்டை அச்சாகி வந்தது. மேடத்திடம் நான்தான் வாதாடி, கீழே ஒரு வரி போடச் செய்தேன்: "இந்த ஒயினுக்கு இந்த உணவுகளைத் தேர்ந்தெடுத்தவர்: இரா. மங்கையர்க்கரசி." இரண்டு வாரத்தில் முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டேன். சாயங்காலம் ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போனேன்.

மங்கை அட்டையை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். தன் பெயருக்கு வந்ததும் விரல் நின்றது. பெருமைப்படுகிறாள் என்று நினைத்தேன். அட்டையை மகளிடம் கொடுத்தாள்.

தமயந்தி படித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "சார், இந்தப் பேர எடுத்துடுங்க. ஒயின் பக்கத்துல எங்கம்மா பேர் வேணாம். எங்கப்பாவத் தெரிஞ்சவங்க இந்தத் தெருவுல நெறைய பேரு."

"உங்கம்மாவுக்குச் சேர வேண்டிய மரியாதைன்னு..."

"எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா சார்?"

கேட்கவில்லை. ஸ்டோர் ரூமில் நான்கு முறை கேட்டேன். இதற்கு ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை.

மங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது சொல்றபடியே செய்ங்கண்ணே" என்றாள்.

ஜூலை 13, புதன்

அச்சான அட்டைகளை எல்லாம் எடுத்துவந்து, உட்கார்ந்து, அந்தக் கடைசி வரியைக் கத்தரித்தேன். ஒவ்வொன்றாக. கத்தரித்த துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் காட்டி எரித்தேன். அந்தப் பெயர் குப்பைத் தொட்டியில் கிடக்கக் கூடாது.

"அப்ப யார் பேர்தான் போடறது சவரி?" என்று மேடம் கேட்டார்.

யார் பெயரும் வேண்டாம் என்றேன்.

ஜூலை 17, ஞாயிறு

இன்று மதியம் மூன்றாம் மேசையில் நான்கு பேர். நண்டு, இறால், அதே ஒயின். அவர்களில் ஒரு பெண்மணி வெளியே போகும்போது வரவேற்பு மேசையருகே நின்றார். விருந்தன்று வந்தவர், என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்னிக்கு மாதிரியே இன்னிக்கும் பிரமாதம். இப்படிச் சேக்கணும்னு எப்படிங்க தோணுச்சு உங்களுக்கு?"

"எனக்குத் தோணல மேடம்" என்றேன். "அது நான் செஞ்சது இல்ல."

"அப்ப யாரு?"

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். புன்னகை அப்படியே இருந்தது. சொல்லக் கூடாத பெயர் நாக்கு நுனியில் நின்றது.

"சொல்ல எனக்கு அனுமதி இல்ல" என்றேன்.

அவர் ஏதோ தொழில் ரகசியம் என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரிக்கட்டும் என்று ஒரு கணம் நின்று பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு குடையை எடுத்தார். நான் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.